நிதானம் அத்தானின் பேச்சுத்தட்டுகள்

எங்கள் தெருவில் என் அத்தானின் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. நிதானம் வீடு எது என்று கேட்டால், முனையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவர்கூடக் கையைப் பிடித்து அழைத்துவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார். அத்தான் பேசுகிற பேச்சு அப்படி. அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கியதும் நாம் எழுந்துபோய் அடுப்பை அணைத்து, பால் பாத்திரத்தை மூடிவிட்டு வரலாம். அப்போதுதான் அவர் முற்றுப்புள்ளியை நெருங்கிக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில் அவர் எல்லாரையும்போலத்தான் பேசினார் என்று அக்கா அடித்துச் சொல்கிறாள். நான் நம்பியதில்லை. கல்யாணமான புதிதைப் பற்றிப் பெண்டாட்டிகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் அந்த அக்காவின் தங்கை. சுருக்கெழுத்து படிக்க ஒரே ஒரு வருஷம் தங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்தவள். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, தலையும் நரைக்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் கிளம்பவில்லை. ஆகவே அத்தானைக் கேலி செய்ய எனக்கு முழு உரிமை உண்டு. அவரும் அதைத் தட்டிக்கேட்டதில்லை. தட்டிக்கேட்க வாயைத் திறந்து முடிப்பதற்குள் நான் அடுத்த அறைக்குப் போயிருப்பேன் என்பதும் ஒரு காரணம்.

அத்தானுக்குத் தொழில் பல்செட் செய்வது. ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஜன்னல் வைத்த சின்ன அறை. மேஜை முழுக்க வெள்ளை மாவில் வார்த்த தாடை அச்சுகள். டப்பாக்களில் ஈறு நிறத்தில் ரோஸ் பவுடர். அரைக்க ஒரு சின்ன மோட்டார், மெழுகை உருக்க ஒரு விளக்கு. நகரத்தில் பாதிப் பேருடைய சிரிப்பு அந்த அறையிலிருந்து போனதுதான் என்று டாக்டர் தமாஷாகச் சொல்வார். அத்தான் அதைத் தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போனால் அவர் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கமாட்டார். சாப்பிடுகிறவர்களின் தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

தொழிலை விட்டால் அவருக்கு உயிர், இசைத்தட்டுகள். இசைத்தட்டு என்றால் பாட்டு என்று நினைத்துக்கொண்டு வருகிற விருந்தாளிகள் எங்கள் வீட்டில் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். அத்தானிடம் ஒரு பாட்டுகூடக் கிடையாது. எல்லாம் பேச்சு. அந்தக் காலத்தில் வானொலிக்காரர்கள் ஊர் ஊராகப் போய், வரலாற்றில் ஏதோ ஒரு ஓரத்தில் நின்றவர்களைப் பேட்டி எடுத்துத் தட்டாகப் போட்டிருந்தார்கள். கொள்ளைநோய் வந்தபோது படகில் மருந்து கொண்டுபோன நர்ஸ், முதல் விமானம் இறங்கிய மைதானத்தில் மாடு விரட்டிய காவல்காரர், பெரிய அணையின் கடைசிக் கல்லை வைத்த கொத்தனார். இப்படிப்பட்டவர்களின் குரல்கள் எங்கள் வீட்டில் கட்டிலுக்கு மேலே, பீரோவுக்கு உள்ளே, மாடிப்படியின் அடியில் என்று எங்கும் அடுக்கியிருந்தன. அக்காவின் புடவைகள் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் ஒதுங்கிப் பல வருஷம் ஆகிறது.

பழைய பேப்பர் கடை, மூடப்போகிற நூலகம், காலிசெய்கிற வீடு, எங்கே தட்டு இருக்கிறது என்று காதில் விழுந்தாலும் அத்தான் போய் நின்றுவிடுவார். கொண்டுவந்ததும் சுத்தமான தண்ணீரில் நனைத்த மெத்தென்ற பல் பிரஷ்ஷால் பள்ளம் பள்ளமாகத் துலக்குவார். அப்புறம் தாடை அச்சுகளுக்கு நடுவே ஒரு கம்பியில் சாய்த்துக் காயவைப்பார். ஒருமுறை டாக்டரிடம் வந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய பல் யாருக்கு என்று கேட்டாராம்.

பிளேயரைக் கப்பலில் வேலை பார்த்த ஒரு இன்ஜினியரிடமிருந்து வாங்கியிருந்தார். தேக்குமரப் பெட்டி, கனமான தட்டுமேடை, பார்க்க அத்தனை லட்சணம். அது வீட்டுக்கு வந்த அன்றே அத்தான் ஒரு சட்டம் போட்டார்.

"இந்த மெஷின்ல... பாட்டு போடக் கூடாது."

"ஏங்க, பாட்டு போட்டா என்ன கெட்டுப்போயிடும்?" என்றாள் அக்கா.

"ஊசி... தேயும். பாட்டைக் கேட்க ரேடியோ இருக்கு. பெரியவங்க பேச்சைக் கேட்க... வேற வழி இல்ல."

அந்தச் சட்டத்தை அவர் எங்களிடம் மட்டுமல்ல, வருகிற விருந்தாளிகளிடமும் தளர்த்தவில்லை. வெகுகாலம் எங்கள் பிளேயரில் பாட்டு ஓடியதே இல்லை.

அந்தத் தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அத்தானுக்கு மூன்று கொள்கைகள் உறுதிப்பட்டிருந்தன. ஒன்று, அந்தக் காலத்து மனிதர்கள் நிதானமாகப் பேசினார்கள். இந்தக் காலத்தவர்கள் வாயில் வெந்நீரை ஊற்றிக்கொண்டதுபோலப் பறக்கிறார்கள். அந்தக் காலத்தவர்களைக் கேட்டு இவரும் நிதானத்தைப் பழகிக்கொண்டார். இரண்டாவது, குரலைக் கேட்டே வாயில் இருப்பது சொந்தப் பல்லா, செட்டா என்று தன்னால் சொல்லிவிட முடியும். தட்டு ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு, "மேல் செட் கொஞ்சம் லூசு" என்றோ, "கீழ்ல ரெண்டு கடைவாய் இல்ல" என்றோ தீர்ப்புச் சொல்வார். இல்லை என்று சொல்ல அந்தப் பேர்வழிகள் யாரும் உயிரோடு இல்லாததால் அவர் தீர்ப்பு எப்போதும் சரியாகவே இருந்தது.

மூன்றாவது, அந்தக் காலத்துக் குடும்பம்தான் குடும்பம். இந்தக் கொள்கைதான் அக்காவுக்கு ஆகாது. அத்தானின் உயிருக்கு உயிரான தட்டு ஒன்று உண்டு. பெரிய யுத்தம் முடிந்துவிட்டது என்ற செய்தியை எங்கள் நகரத்தில் முதன்முதலில் வாங்கிய தந்தி ஆபீஸ்காரரின் பேட்டி. அவருடைய வீட்டிலேயே உட்கார்ந்து பதிவு செய்தது. தப்பாக இருந்தால் ஊரே தன்னை உதைக்கும் என்று பயந்து செய்தியை இரண்டாம் தடவை அனுப்பச் சொன்னதாக அவர் சொல்லிக்கொண்டே போவார். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் குறுக்கே வரும். "இன்னும் முடியலையா? எவ்வளவு நேரந்தான் நான் காத்துக்கிட்டு இருக்கிறது? எனக்குப் பசிக்குது." உடனே தந்திக்காரர், "இதோ வந்துட்டேன் கண்ணு. நீ இல்லாம நான் சாப்பிடுவேனா?" என்பார். பேட்டி எடுப்பவர் சிரித்துவிட்டு, மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது என்று முடித்துக்கொள்வார்.

"பாத்தியா," என்பார் அத்தான் அக்காவிடம். "புருஷன் சாப்பிடாம... தானும் சாப்பிடாம... காத்துக்கிட்டு இருக்கா. அவரும் எவ்வளவு ஆசையா பதில் சொல்றார். அது குடும்பம்."

"நீங்க ஒரு பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பசி அடங்கிப்போயிடுது," என்பாள் அக்கா.

எனக்கும் அந்தத் தட்டுகளோடு ஒரு வழக்கு உண்டு. சுருக்கெழுத்துப் பரீட்சைக்கு நான் பயிற்சி எடுத்ததே அவற்றை வைத்துத்தான். நர்ஸ், கொத்தனார், தந்திக்காரர் எல்லாரையும் ஒரு எழுத்து விடாமல் எடுத்தேன். நடுவில் பென்சில் சீவக்கூட நேரம் இருந்தது. நம்மை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்ற எண்ணத்தோடு பரீட்சை ஹாலில் போய் உட்கார்ந்தேன். அங்கே வாசித்த மனிதர் வாயைத் திறந்ததும் எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. பாதிகூட எழுதாமல் வெளியே வந்தேன். இந்தக் காலத்து ஆட்களின் அவசரம்தான் காரணம் என்று அத்தான் ஆறுதல் சொன்னார். நானும் நம்பித் தொலைத்தேன். மறுமுறை ஒரு தட்டச்சுப் பள்ளியில் போய் வாசிப்பவரிடம் பயின்று பாஸ் செய்தது வேறு கதை.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த அம்மா பல் கட்ட வந்தார். முழுச் செட். மெழுகில் பல் வைத்து வாயில் பொருத்திப் பார்க்கிற கட்டத்தில், நோயாளியைப் பேசவைத்து, எங்கே காற்று போகிறது என்று கவனிப்பது அத்தானின் வழக்கம். மற்றவர்கள் ஒன்று இரண்டு எண்ணச் சொல்வார்கள். அத்தான், "உங்க அப்பாவைப் பத்திச் சொல்லுங்க" என்பார். அப்பாவைப் பற்றி என்றால் எல்லாரும் நிறையப் பேசுவார்கள், பல்லை மறந்து பேசுவார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு.

"எங்கப்பாவா? அவர் தந்தி ஆபீஸ்ல இருந்தார் தம்பி," என்றார் அந்த அம்மா, மெழுகுப் பல்லோடு. "சண்டை முடிஞ்ச சேதி அவர் கைக்குத்தான் முதல்ல வந்துச்சு. வானொலியிலகூட பேசினாராம். நான் ஸ்கூல் சேர்ந்த கொஞ்ச நாள்லயே போயிட்டார். முகம் போட்டோவுல இருக்கு. குரல்தான் எப்படி இருக்கும்னு எவ்வளவு யோசிச்சும் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது."

அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டர் பிறகு சொன்னார், அன்றுதான் அத்தான் ஒரு வாக்கியத்தை மடமடவென்று சொல்லி முடித்ததைக் கேட்டாராம். "அம்மா, உங்கப்பா எங்க வீட்ல இருக்கார்!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்தார். பல்செட் இன்னும் தயாராகவில்லை. பொக்கை வாயோடு, நல்ல புடவை உடுத்திக்கொண்டு வந்திருந்தார். அக்கா வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் துடைத்திருந்தாள். நாற்காலியை நடுவில் போட்டு, காபி கொடுத்து, அத்தான் உறையிலிருந்து தட்டை எடுத்த அழகைப் பார்க்கவேண்டும். தாலி எடுத்துக் கொடுக்கிறவர்கூட அவ்வளவு பக்குவமாக எடுக்கமாட்டார்.

தந்திக்காரர் பேச ஆரம்பித்தார். கனத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக. அந்த அம்மா கழுத்தை நீட்டிக் கேட்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எங்கப்பா இல்லையே தம்பி."

அத்தான் உறையைக் காட்டினார். பெயர், ஆபீஸ், தெரு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"பேர் அவர் பேர்தான். ஆனா எங்கப்பா பேசினா மூச்சு விட மாட்டார்னு எங்க அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. இவர் என்ன, தூங்கி எழுந்தவர் மாதிரி பேசுறார்?"

அத்தான் சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "செட் வச்சிருந்தா... பேச்சு கொஞ்சம் மெதுவாத்தான் வரும்மா. உங்கப்பாவுக்கு... மேல் வரிசை முழுக்கச் செட்தானே?"

"எங்கப்பாவுக்கா? சோடா மூடியைப் பல்லாலயே திறந்தவர் தம்பி அவர்!"

அதற்குள் தட்டு கடைசிக்கு வந்துவிட்டது. உள்ளேயிருந்து அந்தப் பெண் குரல் வந்தது. இன்னும் முடியலையா, எவ்வளவு நேரந்தான் காத்துக்கிட்டு இருக்கிறது. இதோ வந்துட்டேன் கண்ணு என்று தந்திக்காரர் கொஞ்சினார்.

அந்த அம்மாவின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. "யார் இந்தப் பொம்பள?"

"உங்க அம்மாதாங்க," என்றாள் என் அக்கா, சிரித்துக்கொண்டே.

"எங்கம்மா நான் பொறந்த மறுவருஷமே செத்துப்போயிட்டாங்க. அப்பாவும் நானும் மட்டும்தான் அந்த வீட்ல. எனக்காக வேற கல்யாணமே வேணாம்னு இருந்தவர்." பெட்டியைக் கையால் காட்டினார். "இப்படி ஒருத்தி வீட்டுக்குள்ள உக்காந்து பசிக்குதுன்னு கூப்பிடுற அளவுக்கு... யாரும் எங்கிட்ட சொன்னதே இல்ல."

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். காபி பாதி அப்படியே இருந்தது. "நல்லா இருந்தேன் தம்பி. குரல் கேக்கலாம்னு வந்தேன். இருந்த அப்பாவையும் எடுத்துக்கிட்டீங்க." செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

யாரையும் லேசில் விடாத நான் அன்று அத்தானை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பிளேயரை மூடி வைத்தவர், அதற்கப்புறம் திறக்கவே இல்லை. கிளினிக்கில் அந்த அம்மாவின் பல்செட்டை மட்டும் மெருகு போட்டுக்கொண்டே இருந்தார். அது தயாராகி எவ்வளவோ நாள் ஆகியும் அந்த அம்மா வரவில்லை. டாக்டர் போன் செய்தால், பல் இல்லாமலே பழகிவிட்டது என்று பதில் வந்தது. வீட்டில் அத்தான் பேசுவதையே விட்டுவிட்டார். மெதுவாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன் ஒன்றுமே பேசாவிட்டால் வீடு எவ்வளவு வெறிச்சென்று ஆகும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் அத்தான் வேலைக்குப் போயிருந்தபோது மாடி வீட்டு டீச்சரிடமிருந்து ஒரு பாட்டுத்தட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"சட்டம் போட்டவரே மூலையில உக்காந்துட்டார். நாம ஒரு பாட்டாவது கேப்போம். வீடு வீடு மாதிரி இருக்கட்டும்," என்றாள்.

ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு பெண் குரல் பாட்டு. துள்ளிக்கொண்டு போகிற மெட்டு. ஊசியை வைத்ததும் எங்கள் பெட்டியிலிருந்து அந்தப் பாட்டை யாரோ ஓர் ஆண்பிள்ளை, தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடுவதுபோல வந்தது. நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தட்டு கெட்டுவிட்டது என்று பயந்து டீச்சரைக் கூப்பிட்டோம். டீச்சர் வந்து காதைக் கொடுத்தார்.

"தட்டுக்கு ஒண்ணும் இல்லங்க. உங்க மெஷின் மெதுவா ஓடுது. இந்தம்மா குரலே ஆம்பளைக் குரலா மாறிப்போச்சு பாருங்க."

குரலே மாறிப்போச்சு என்று டீச்சர் சொன்னதும் அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தாள். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது என் பரீட்சை. அக்காவுக்கு நினைவுக்கு வந்தது தந்திக்காரர் தட்டின் கடைசியில் வருகிற அந்தப் பெண் குரல். "ஏண்டி, பெரிய பொம்பள குரல் ஆம்பளைக் குரலா ஆச்சுன்னா, அங்க பொம்பள குரலாக் கேட்டது நெசத்துல யார் குரலா இருக்கும்?"

அன்று மாலை அத்தான் வந்ததும் அக்கா பாட்டைப் போட்டாள். சட்டம் மீறப்பட்டதற்குக் கோபப்பட வாயெடுத்தவர், வாயெடுத்த நிலையிலேயே நின்றுவிட்டார். பாட்டு முடிகிறவரை அசையவில்லை. அப்புறம் பிளேயரை இடுப்பில் வைத்துக்கொண்டு ரேடியோ ரிப்பேர்க் கடைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

ரிப்பேர்க்காரர் தட்டுமேடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது வேற நாட்டுக் கரண்டுக்குச் செஞ்சது சார். அங்க மோட்டார் வேகமாச் சுத்தும், அதனால மோட்டார் தலையில இருக்கிற இந்தக் கப்பியைச் சின்னதா வச்சிருக்கான். நம்ம கரண்டுல மோட்டாரே மெதுவாச் சுத்துது, இந்தச் சின்னக் கப்பியில தட்டும் மெதுவாத்தான் ஓடும். இத்தனை வருஷமா நீங்க கவனிக்கலையா? ஒரு பாட்டு போட்டாலே தெரிஞ்சிருக்குமே!"

அத்தான் அசடு வழிந்ததை நான் ரசித்தேன் என்பதை மறைக்கமாட்டேன். பாட்டைத் தப்பான வேகத்தில் போட்டால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். பேச்சுக்கு ஏது மெட்டு? இத்தனை வருஷமாக அந்த நர்ஸும் கொத்தனாரும் நம்மைப்போலவே படபடவென்று பேசியவர்கள்தான். அவர்களை அரைத் தூக்கத்தில் தள்ளியது எங்கள் பெட்டி. அதைக் கேட்டுப் பழகி ஒரு மனிதர் தெருவில் பட்டப்பெயரே வாங்கிவிட்டார்!

"அப்ப என் பரீட்சை?" என்றேன் நடுத்தெருவில் நின்று. "சொல்லுங்க அத்தான், என் பரீட்சைக்கு யார் பொறுப்பு?"

"சின்னவளே, அதை அப்புறம் பேசுவோம். பல்லு!" என்றார் அத்தான். கண் பளபளத்தது. "தந்திக்காரருக்குச் சொந்தப் பல்லுதான்! என் காது தப்பலை, மெஷின்தான் தப்பு!" உலகமே கவிழ்ந்தாலும் அவருக்குத் தன் காதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

சரியான கப்பி எங்கும் கிடைக்கவில்லை. அத்தான் தன் பின்னறைக்குப் போய், பல்செட்டுக்குக் கலக்கும் ரோஸ் பவுடரைக் கலந்து, கப்பியைப் பெரிதாக்க அதன் மேல் மோதிரம்போல ஏறி உட்காருகிற ஒரு வளையம் வார்த்தார். அரைத்து, மாட்டி, டீச்சரின் பாட்டைப் போட்டுப் பார்த்து, கழற்றி மறுபடி அரைத்தார். பாடகி பெண்ணாக மாறி, துள்ளலும் திரும்பி வந்தபோது டீச்சர் கைதட்டினார். ஈறு நிறத்தில் ஒரு வளையம் மாட்டிக்கொண்டு ஓடுகிற பிளேயர் உலகத்திலேயே எங்கள் வீட்டில்தான் இருக்கும். தந்திக்காரரின் தட்டை மட்டும் அத்தான் தொடவில்லை. அந்த அம்மா வந்தபிறகுதான் என்று சொல்லிவிட்டார்.

அழைத்துவரப் போனவள் நான். அந்த அம்மா கதவைப் பாதி திறந்து, பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

"பல்லு வேணாம்மா. போ."

"பல்லுக்காக வரலம்மா. அந்தப் பெட்டி தப்பு. மெதுவா ஓடுது. உங்கப்பா குரலும் அந்தப் பொம்பள குரலும் தப்பா வந்திருக்கு. ஒரே ஒரு தடவ வந்து கேளுங்க. அப்புறமும் உங்கப்பா இல்லன்னா எங்க அத்தானை உங்க வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போங்க. நானும் கூடச் சேர்ந்து திட்டுறேன், எனக்கும் அவர் மேல ஒரு பாக்கி இருக்கு."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு என்ன பாக்கி?" என்றார். பரீட்சைக் கதையைச் சொன்னேன். பொக்கை வாய் கொஞ்சம் விரிந்தது. புடவை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார்.

வீட்டில் அத்தான் பல்செட்டைப் பளபளவென்று ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். மாட்டிக்கொண்டு உட்காரலாமே என்றார்.

"பல்லு அப்புறம். முதல்ல அப்பா," என்றார் அந்த அம்மா.

ஊசி இறங்கியது. அடுத்த நொடி பெட்டியிலிருந்து ஒரு மனிதர் கொட்ட ஆரம்பித்தார். வேகமென்றால் அப்படி ஒரு வேகம். ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல் மிதித்துக்கொண்டு வந்தது. இரண்டாம் தடவை அனுப்பச் சொன்னது, ஊர் உதைக்கும் என்று பயந்தது எல்லாம் ஒரே மூச்சில். நான் எத்தனையோ முறை எழுதிப் பழகிய பேச்சுதான். அன்று அதை எடுக்கச் சொல்லியிருந்தால் மறுபடி தோற்றிருப்பேன்.

அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்பாதான்," என்றார். "ஐயோ, அப்பாதான். இப்படித்தான் பேசுவார். இப்படித்தான்!"

தட்டு கடைசிக்கு வந்தது. அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. கீச்சென்று, மழலை இன்னும் விட்டுப்போகாத, ஆனால் வீட்டுக்குப் பெரிய மனுஷி தான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு சின்னப் பெண்ணின் குரல். இன்னும் முடியலையா? எவ்வளவு நேரந்தான் நான் காத்துக்கிட்டு இருக்கிறது? எனக்குப் பசிக்குது.

இதோ வந்துட்டேன் கண்ணு. நீ இல்லாம நான் சாப்பிடுவேனா?

யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா முதலில் அழுதார். அப்புறம் அழுதுகொண்டே சிரித்தார். "நானா? நான்தான் அந்தப் பொம்பளையா? இத்தனை நாள் என்னை நானே திட்டிக்கிட்டு இருந்திருக்கேன் தம்பி!" அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அத்தான் மட்டும் கைகட்டிக் குற்றவாளிபோல நின்றார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. இனிமே இந்தத் தப்பு நடக்காது. அந்த வளையத்தைப் பசை போட்டு ஒட்டிடப் போறேன்," என்றார். அவரும் இப்போது கொஞ்சம் வேகமாகப் பேசுவதாக எனக்குப் பட்டது.

அந்த அம்மா இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டார். மூன்றாம் முறையும் கேட்டார்.

"எப்பவும் அவசரம்தான் அவருக்கு," என்றார் பிறகு. "ஷிஃப்டுக்கு ஓடணும். வாசல்ல செருப்பைப் போட்டுக்கிட்டே பாதிக் கதை சொல்வார், மீதிக் கதை வந்து சொல்றேம்பார். அப்புறம் ஒருநாள் வரவே இல்ல." அத்தானை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, அந்த வளையத்தை ஒட்டாதீங்க. அன்னிக்குப் போட்டீங்களே, அது மாதிரி ஒரு தடவ போடுங்க."

"அது தப்பும்மா. மெஷின் தப்பு. உங்கப்பா அப்படிப் பேசவே மாட்டார்."

"தெரியும். எனக்கு அவர் பேச்சு கிடைச்சது கொஞ்ச நாள்தான் தம்பி. கொஞ்சம் நீட்டிக் குடுங்க."

அத்தான் தட்டுமேடையைத் தூக்கினார். வளையத்தைக் கப்பியிலிருந்து உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த அம்மா நாற்காலியைப் பெட்டிக்கு அருகே இழுத்துப்போட்டு, கால்களை மடக்கிச் சௌகரியமாக உட்கார்ந்தார். தட்டு சுற்ற ஆரம்பித்தது. அவருடைய அப்பா எங்கேயும் போகவேண்டியதில்லை என்பதுபோலப் பேசத் தொடங்கினார்.